எல்லாக் கரைவேட்டிக்கும் ஒரு கும்பிடு

உக்காருங்க தம்பி. "உங்க சனம் தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுதே, காசு வாங்கிக்கிட்டாய்யா?"ன்னு கேக்குறீங்க. வாங்குறதுதான். ரெண்டு பக்கமும் வாங்குறோம். ரெண்டு பக்கமும் வாங்குன காசு எந்தப் பக்கம் தம்பி சாய வைக்கும்?

எங்க விருதுநகர்க் கதையவே எடுத்துக்கோங்க. காமராசர் பிறந்த மண்ணு. பள்ளிக்கூடம் தெறந்தாரு, பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டாரு. அவரையே 1967-ல ஒரு மாணவர் தலைவர்கிட்ட 1,285 ஓட்டுல தோக்கடிச்சோம். நன்றிகெட்ட சனம்னு இன்னும் பேசுறாங்க. அன்னைக்கு அரிசிக்கு வரிசையில நின்ன பொம்பளைகள எவனும் கேக்கல. ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு எதிர்ப்பக்கம் சொல்லுச்சு, குத்துனோம். வந்தது ஒரு படி. அதுவும் மெட்ராசு, கோயம்புத்தூரோட நின்னுபோச்சு. கரிசக்காட்டுக்கு வர அரிசிக்குப் பஸ்சு கெடைக்கல போல.

பத்து வருசம் கழிச்சு பக்கத்துல அருப்புக்கோட்டையில எம்.ஜி.ஆர். நின்னு செயிச்சாரு. மொகத்தப் பாத்துப் போட்டோம்னே எழுதிக்கோங்க, உங்க பத்திரிகைக்கு அதுதான் ருசி.

கெணத்து மோட்டாருக்கு எல்லா விவசாயிக்கும் 1990-ல கரண்டு இலவசமாச்சு. பெறகு ஒரு அரசாங்கம் அதுல கை வச்சுப் பாத்துச்சு. 2004 நாடாளுமன்றத் தேர்தல்ல தமிழ்நாட்டுல 39 தொகுதியும் போச்சு. ஓட்டு எண்ணி முடிச்ச கையோட இலவசக் கரண்டு வீடு திரும்பிருச்சு. எத்தன மனு கொடுத்தா அவ்வளவு வெரசா வேல நடக்கும், சொல்லுங்க?

2006-க்கு அப்புறம் கலர் டி.வி. வந்துச்சு. கூடவே கரண்டு போச்சு. ஓடாத டி.வி. மேல கோழிதான் ஏறி உக்காந்துச்சு. 2011-ல நாடே மாத்திக் குத்தி ஒரு அம்மாவ முதலமைச்சரா உக்கார வச்சுச்சு. மிக்சி, கிரைண்டர், காத்தாடி வந்துச்சு. கரண்டு முன்னைக்கும் மோசம்! அப்புறம் வெளக்கு நின்னு எரிய ஆரம்பிச்சதும், 2016-ல அந்த அம்மாவையே திரும்ப உக்கார வச்சாங்க. மாத்தாம இருக்கவும் சனத்துக்குத் தெரியும் தம்பி, அத மட்டும் நீங்க குறிச்சுக்க மாட்டீங்க.

இது வானம் பாத்த பூமி. மழை ஏமாத்துனா பருத்தியும் இல்ல, கம்பும் இல்ல. எளவட்டமெல்லாம் சிவகாசி பட்டாசு ஆபீசுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போயிருச்சு. எங்க கையில மிச்சம் கெடக்கிறது ஓட்டுதான். ஒரே பலசரக்குக் கடையில பத்து வச்சவனுக்குத் தராசு எப்படி நிக்கும்னு உங்க அப்பத்தாவக் கேளுங்க. ஒரே சின்னத்துக்குக் குத்துற ஊருக்கு ரெண்டு கட்சிக்காரனுமே வரமாட்டான். ஒருத்தன் 'நம்ம ஊருதானே'ம்பான், இன்னொருத்தன் 'அவன் ஊருல்ல'ம்பான். அதனால எந்தக் கரைவேட்டி வந்தாலும் எந்திரிச்சுக் கும்பிடுறேன். மோரும் கொடுக்கிறேன். எனக்கு எந்தக் கட்சின்னு எம் பொண்டாட்டிக்கே தெரியாது. அவளுக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, அது வேற பயம்.

ஆமா, நீங்க எப்பவும் ஒரே கட்சிக்குத்தான்னு வந்ததும் பெருமையாச் சொன்னீங்களே. உங்க தெருச் சாக்கடைக்கு மூடி போட்டுட்டாங்களா தம்பி?