ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட அண்ணாச்சி

பஞ்சாலையில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று, கைக்கு வந்த தொகையை எந்த வங்கியில் வைத்தால் க்ஷேமம் என்ற விசாரத்தையே மீதி ஆயுளுக்குரிய உத்தியோகமாக மேற்கொண்டுவிட்ட அண்ணாச்சியை, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், காலை பத்து மணிக்கு, கையில் மஞ்சள் பையும் பைக்குள் ரப்பர் பேண்டு போட்ட பாஸ்புக்குகளுமாகப் பார்த்திராதவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். டிசம்பர் மாதத்தில் காலண்டர் வாங்குவதற்கென்றே அவர் உயிரோடு வைத்திருக்கும் கணக்கைப் பற்றியும், கவுன்ட்டரில் நூல் கட்டித் தொங்கும் பேனாவைத் தொடமாட்டேன் என்ற அவருடைய விரதத்தைப் பற்றியும் இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. பிரஸ்தாபிக்க வேண்டியது அவருடைய ஐந்து லட்சத் தத்துவம் ஒன்றைத்தான்.

ஒரு வங்கி முழுகிப்போனால், அதில் பணம் போட்டவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும்தான் இன்ஷூரன்ஸ் உண்டு என்ற விதி 2020 பிப்ரவரி 4 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் 1993 தொட்டு ஒரு லட்சமாகவும், கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்க் 1960-இல் கவிழ்ந்ததையொட்டி 1962-இல் இந்தத் திட்டம் ஜனித்தபோது வெறும் 1,500 ரூபாயாகவும் இருந்தது. இந்த வருஷங்களையெல்லாம் அண்ணாச்சி தம் பேரன் பிறந்த வருஷத்தைவிடத் தடுமாற்றமின்றிச் சொல்லுவார். அவருடைய கண் விழுந்திருப்பது ‘வட்டியும் சேர்த்து’ என்ற பகுதியின்மேல். ஐந்து லட்சத்தை முழுசாகப் போட்டால் மறுநாளே வட்டி ஏறி, அந்த வட்டி அநாதையாகிவிடும் அல்லவா? ஆகவே ஏழு சதவீதத்துக்கு ஓராண்டு டெபாசிட் என்றால் அவர் போடுகிற தொகை 4,66,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கூடி வருஷ முடிவில் அது 4,99,486 ஆகி, எல்லைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய் இப்பால் பத்திரமாக நின்றுவிடும்.

“அஞ்சு லட்சமாவே போட்டிருங்களேன் சார், ரசீது பார்க்க அழகா இருக்கும்” என்று ஒரு கிளையில் இளம் அதிகாரி சொல்லிவிட்டார். “தம்பி, பாக்கி முப்பத்து நாலாயிரத்தை வட்டி வந்து உட்கார்றதுக்கு இடம் விட்டிருக்கேன்” என்றார் அண்ணாச்சி. அந்த அதிகாரி பிறகு வாய் திறக்கவில்லை.

ஒரு வங்கிக்கு ஒரு 4,66,000 என்று வகுத்துக்கொண்டவருக்கு வங்கிகள் பல வேண்டியிருப்பது ஆச்சரியமன்று. கிளைகள் வேறானாலும் வங்கி ஒன்றானால் தொகையைக் கூட்டித்தான் பார்ப்பார்கள் என்பதால், 1916-இல் பிறந்த கரூர் வைசியா வங்கி, 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகப் பிறந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று ஒவ்வொன்றின் ஜாதகத்தையும் கணித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு வைத்தார். சிண்டிகேட் வங்கியில் ஒன்றும் கனரா வங்கியில் ஒன்றும் வைத்திருந்ததுதான் விதியின் விளையாட்டு. காப்புறுதி ஐந்து லட்சமாக உயர்ந்த சந்தோஷம் இரண்டு மாதங்கூட நிலைக்காதபடி, 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் கனராவோடு இணைக்கப்பட்டு, தனித்தனியே இரண்டு குடையின்கீழ் நின்ற இரண்டு டெபாசிட்டுகளும் ஒரே குடைக்குள் வந்துவிட்டன. அன்றைக்கு அண்ணாச்சி ஊரடங்கையும் மறந்து, வாசல் திண்ணையில் உட்கார்ந்து, சர்க்கார் தமக்கு இப்படிச் செய்யலாமா என்று போவோர் வருவோரை எல்லாம் கேட்டார்.

அந்தத் துக்கத்திலிருந்துதான் அவருடைய மகத்தான கண்டுபிடிப்பு உதித்தது. கூட்டுக் கணக்கில் பெயர்களின் வரிசை மாறினால், காப்புறுதிக்காரர்கள் அதை வேறு கணக்காகவே பாவிப்பார்கள். கணவர் முதலாகவும் மனைவி இரண்டாவதாகவும் ஒன்று, மனைவி முதலாகவும் கணவர் இரண்டாவதாகவும் இன்னொன்று என்று வைத்தால், ஒரே வங்கியில் ஐந்து லட்சமும் ஐந்து லட்சமும் தனித்தனியே காக்கப்படும். இது சத்தியமான விதி. ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை, நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் ஒருநாளும் மனைவியின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் எழுத மனம் வராத அந்த மனிதர், அன்று மாலையே விண்ணப்பப் படிவத்தில் முதல் கட்டத்தை அந்த அம்மாளுக்கு விட்டுக்கொடுத்தார் என்றால், பெண் விடுதலைக்காக இத்தனை நாள் மேடையில் பேசியவர்களைவிட இந்தக் காப்புறுதியை நடத்தும் ரிசர்வ் வங்கியின் ஓர் உபநிறுவனம் அதிகம் சாதித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆனாலும் ராஜபாளையத்துக் கிளையில் அதைச் செய்ய அவருக்குக் கூச்சமாக இருந்தது. தெரிந்த முகங்கள் அதிகம். எனவே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அதே வங்கியின் வேறு கிளையில் அந்தக் கணக்கைத் திறந்தார். “மேடம் பேரா சார் முதல்ல?” என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டதற்கு, “இந்த ஊர்ல நாச்சியார் பேர்தானேம்மா முதல்ல வருது? கோயிலுக்கு ஒரு நியாயம், பாங்குக்கு ஒரு நியாயமா?” என்று ஆண்டாளையே சாட்சிக்கு இழுத்துவிட்டார். திரும்பும்போது கால் கிலோ பால்கோவா வாங்கினார். அந்த வகையில் ஸ்ரீவில்லிபுத்தூர் டெபாசிட்டின் நிகர வட்டி எவ்வளவு என்று அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. குறுஞ்செய்திகளும் வரிக் கணக்கும் முதல் பெயருக்கே போகும் என்பதை அவர் யோசிக்கவில்லை. வட்டி வரவு வைத்த செய்தி தம் கைபேசிக்கு வந்ததைப் படித்த அந்த அம்மாள், “எம்பேர்ல இவ்வளவு இருக்கா?” என்று கேட்டுவிட்டு, மறுவாரமே பழைய கிரைண்டரை மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

கூட்டுறவு நகர வங்கிக்கும் இதே ஐந்து லட்சக் காப்பு உண்டு என்பதால் அங்கே அவர் தாராளமாகப் பிரவேசிப்பார். பணியாளர் சிக்கன நாணயச் சங்கமும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் அந்தக் காப்புக்கு வெளியே நிற்பவை. அங்கே வட்டியை மட்டும் விசாரித்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் படியிறங்கிவிடுவார்.

அவருடைய பயத்தை முற்றும் பரிகாசம் செய்யவும் எனக்கு மனம் வரவில்லை. 1926 முதல் நடந்துவந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பரில் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தபோது, பத்து நாளில் அது டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்து டெபாசிட்தாரர்கள் பணம் பிழைத்ததென்றாலும், அந்தப் பத்து நாளும் எத்தனை வீட்டில் சோறு இறங்கியிராது! உழைத்துச் சேர்த்ததைக் காக்கிறவரை நான் ஏன் குறை சொல்ல வேண்டும்?

குறை சொல்ல வேண்டியது வேறு இரண்டு. அவர் பெயர் வரிசைத் தத்துவத்தைச் சாவகாசமாக விளக்கிக்கொண்டிருக்கும்போது, முதியோர் பென்ஷன் எடுக்க வந்த கிழவிகள் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள். இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை. இரண்டாவது, இத்தனை கணக்கிலும் நாமினி என்ற கட்டம் காலி. பெரியவன் பெயரை எழுதினால் சின்னவன் கோபிப்பான் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிறார். எந்த வங்கியில் எவ்வளவு என்ற விவரம், அவருக்கு மட்டுமே புரியும் சுருக்கெழுத்தில் ஒரு டைரியில் இருக்கிறது; டைரி எங்கே என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது. பத்து வருஷம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகும் வாரிசுகள் கேட்டுப் பெறலாம் என்பது வாஸ்தவந்தான்; ஆனால் இன்ன வங்கியில் இருந்தது என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு?

அண்ணாச்சி, 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். நாளைக்கே போய் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் பாதிப் பாதியாக எழுதிவிடுங்கள். எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்று மட்டும் என்னிடம் கேட்க வராதீர்கள்.