தூக்குப் பாலத்தின்முன் நிற்றல்: ஒரு தத்துவ விசாரணை

நிலைபெற்ற பொருளானது நடமாடும் பொருளுக்கு வழிவிடக் கடமைப்பட்டதா, அன்றி நடமாடும் பொருளே நிலைபெற்றதன் முன் தலைகுனிய வேண்டுமா என்னும் மகத்தான கேள்வி இதுகாறும் பண்டிதர்களால் முறையாக விசாரிக்கப்படாமற் போனதற்கு, அவர்களுள் ஒருவரேனும் நெதர்லாந்து தேசத்தில் பாய்மரத்தைச் சாய்க்க இயலாத படகொன்றில் ஏறிக் கௌடா நகரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் நோக்கிப் புறப்படாமையே காரணம் என்பது என் துணிபு. அத்தேசத்தார், தெற்கே ஃபிளிஸ்ஸிங்கன் துறைமுகம் தொடங்கி வடகிழக்கே டெல்ஃப்ஸைல் வரை, உயர்ந்த பாய்மரத்தை நிமிர்த்தியபடியே உள்நாட்டு நீர்வழியாகச் செல்லும் பாதையொன்றை வகுத்து வைத்திருக்கிறார்கள். நாம் விசாரிக்கும் பகுதி அதன் நடுவில் இருக்கிறது.

இவ்வழியில் குறுக்கிடும் பாலங்கள் பல ஜாதி. கௌவ ஆற்றின்மீது வாடிங்ஸ்வேன், போஸ்கோப் முதலிய ஊர்களில் 1930களில் எழுந்த பாலங்கள், இரண்டு கோபுரங்களுக்கிடையே தளம் முழுவதையும் அப்படியே மேலே தூக்கிக்கொள்வன. ஆயினும் அத்தேசத்தின் புராதனச் செல்வமாகிய மரத் தூக்குப் பாலமே ரசிகர்களின் நெஞ்சைக் கவர்வது. நம்மூர்க் கிணற்றடி ஏற்றத்தைப் போலவே, தலைக்குமேல் கிடக்கும் நீண்ட உத்தரத்தின் ஒரு முனையில் பாரமும் மறுமுனையில் சங்கிலியும் இருக்க, ஏற்றத்தில் சால் தொங்கும் இடத்தில் இங்கே சாலையே தொங்குகிறது. பாரமும் தளமும் ஏறத்தாழச் சமமாயிருப்பதால், கையாலே இழுத்துத் திறக்கவும் கூடும்.

பாலம் திறக்குமா என்பதை அறியும் உபாயத்தில், படகோட்டி தன்னையறியாமலே நம் தார்க்கிகர்களின் அடியொற்றி நடக்கிறான். பிரத்தியட்சம் என்பது விளக்கு: சிவப்பு ஒன்று எரிந்தால் நில், சிவப்போடு பச்சையும் எரிந்தால் திறக்கப் போகிறது, பொறு, பச்சை மட்டுமெனில் செல், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பெனில் இன்று இப்பாலம் இயங்காது, வேறு வேலையைப் பார். அனுமானம் என்பது சைக்கிள்: மணியடித்துத் தடுப்புக்கட்டை இறங்கத் தொடங்குகையில், கடைசியாக வரும் ஒருவர் பெடலை வேகமாக மிதித்துத் தலையைக் குனிந்து நுழைந்துவிடுவாராயின், அடுத்தவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிடுவாராயின், பாலம் திறக்கும் என்பது புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதினும் உறுதி. ஆகமம் என்பது அத்தேசத்தாருடைய நீர்வழிப் பஞ்சாங்கம். அதன் முதற்பாகம் நீர்வழி விதிகளடங்கிய நூலாதலால், படகில் வைத்திருக்க வேண்டுமென்று சட்டமே இருக்கிறது. இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும்போது பாலக்காவலரின் வாக்கே பிரமாணம். வடக்கே சில ஊர்களில் அவர் தூண்டிற்கோலில் மரச்செருப்பொன்றைக் கட்டிப் படகுக்குமேல் தொங்கவிடுவார். அதற்குள் சுங்கக் காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பாதுகையின் மகிமையைப் பரதனுக்குப் பின் இவ்வளவு நன்றாக உணர்ந்தவர்கள் இல்லை.

இனிப் பூர்வபட்சம். ஒரு கிழவனாரின் உல்லாசப் படகுக்காக நாற்பது கார்கள் நிற்பது நியாயமா என்று சாலைக் கட்சியார் கேட்கிறார்கள். சாலைக்கு முன்னரே நீர் இருந்ததென்று பாய்மரக் கட்சியார் சொல்லும் மறுமொழி கேட்க இனிதாயினும், இவ்வழியில் முழுதும் செல்லாது. ஏனெனில் பிராசமர்மேர் ஏரியைக் கடந்தபின் நாம் நுழையும் வட்டக் கால்வாய், ஹார்லெம்மர்மேர் என்னும் பெரும் ஏரியை வற்றச் செய்வதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதர் வெட்டியது. மூன்று நீராவி இறைப்பு நிலையங்கள் சில ஆண்டுகள் இடைவிடாது இறைத்து, 1852இல் ஏரி தரையாயிற்று. அத்தரை கடல்மட்டத்துக்குச் சுமார் நான்கைந்து மீட்டர் தாழ்வாதலால், படகிலிருந்து பார்ப்பவன் வீடுகளின் கூரையைக் கீழ்நோக்கிப் பார்க்கிறான். ஸ்கிப்போல் விமான நிலையமும் அந்தப் பழைய ஏரிப்படுகையிலேதான் இருக்கிறது. ஓரிடத்தில் நெடுஞ்சாலையே கால்வாய்க்கு அடியில் புகுந்து மறுபுறம் எழுகிறது. படகும் நிற்பதில்லை, காரும் நிற்பதில்லை. வழக்கே இல்லாத அவ்விடத்தில் ஆராய்ச்சிக்கு வேலையில்லையாதலால் விரைந்து கடப்போம்.

மற்ற இடங்களில் அத்தேசத்தார் கண்ட சித்தாந்தம் காலப்பிரிவினை. ஜனங்கள் வேலைக்குப் போய்வரும் காலை மாலை வேளைகளில் பல பாலங்கள் படகுக்குத் திறப்பதில்லை. மற்ற வேளைகளில் கார்கள் பொறுத்துக்கொள்கின்றன. ரயில் பாலமோ இவ்விரண்டையும் மதியாது, ரயில் அட்டவணையில் இடைவெளி கிடைக்கும்போதே அசையும். ஆகவே இப்பயணத்தில் வேகத்தை நிர்ணயிப்பது காற்று என்று எண்ணுவது பாமரக் கொள்கை. பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, எஞ்சினை முணுமுணுக்கவிட்டு, பாலத்தருகே முளையில் கயிற்றை மாட்டிக்கொண்டு காப்பி குடிப்பதே இங்கே மாலுமி சாஸ்திரத்தின் பெரும்பகுதி.

இந்த ஆராய்ச்சியைப் பின்பற்றிப் பகற்பயணம் புறப்படும் அன்பர்கள் இராச் சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோவது நலம். ஆம்ஸ்டர்டாம் நகரின் ரயில் பாலம் பாய்மரங்களுக்குத் திறப்பது நடுநிசிக்குப் பிறகுதான்.