ஏத்தத்துல அலறுது, வண்டி நகரல! (கராஜ் பக்கம்: கேள்வி-பதில்)

கேள்வி: அண்ணே, என் ஓட்டோவுக்கு வயசு பன்னிரண்டு. மூணு பேரை ஏத்திக்கிட்டு தோட்டத்து ஏத்தத்துல ஏறுனா இன்ஜின் அலறுது, வண்டி நகர மாட்டேங்குது. கிளட்ச் செட்டையே மாத்தணும்னு கராஜ் பாஸ் சொல்றார். மாத்தவா?
*- ஓட்டோ சாரதி, டிக்கோயா*

பதில்: இப்போது அலறுவது இன்ஜின். பில்லைப் பார்த்ததும் அலறப்போவது நீங்கள். அதற்கு முன் காசு செலவில்லாமல் இரண்டு இடத்தைப் பார்த்துவிடுங்கள் தம்பி.

முதலில் இடது கை. கிளட்ச் லீவரை ஒரு விரலால் மெல்ல இழுங்கள். கேபிள் இறுகுவதற்கு முன் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது லூசாக ஆட வேண்டும். ஆடவில்லையென்றால், நீங்கள் கையை எடுத்த பிறகும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பிளேட்டுகள் முழுசாக ஒட்டாது. ஒட்டாவிட்டால் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் தேயும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டமும் குறைந்துகொண்டே போகும். அதனால் 'போன வருஷம்தானே சரி பண்ணினேன்' என்ற கதையெல்லாம் செல்லாது. லீவர் பக்கத்திலேயே அட்ஜஸ்டர் இருக்கிறது. ஒரு பிளேன்டி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அடுத்தது ஒயில். நாலு ஸ்ட்ரோக் ஓட்டோவில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஒயிலிலேயே முங்கிக் கிடக்கின்றன. மலிவாகக் கிடைத்ததென்று பெற்றோல் மிச்சம் பிடிக்கும் கார் ஒயிலை ஊற்றினீர்களா? அதில் வழுக்குவதற்கென்றே மருந்து கலந்திருக்கும். காருக்கு அது நல்லது. உங்கள் பிளேட்டுக்கோ உராய்வுதான் சோறு. கேனின் பின்புறம் 'ஜாஸோ எம்ஏ' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால், பாஸ் சொன்னது சரி, திறக்கட்டும். நீங்களும் பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள். உராய்வுப் பிளேட்டில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒட்டியிருப்பது தேய்ந்து மழமழவென்று ஆகியிருக்கும், ஒயிலில் கருகல் வாடை அடிக்கும். நடுவில் வரும் இரும்புப் பிளேட் நீலம் பாரித்திருந்தால் அது சூட்டில் வெந்தது. வளைந்தும் இருக்கும், அதுவும் மாற வேண்டும். பழைய ஸ்பிரிங்கைப் புதிய ஸ்பிரிங் பக்கத்தில் நிறுத்தினால் குட்டையாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். பிளேட்டின் காதுகள் உட்காரும் கூடையில் விரல் வைத்துத் தடவுங்கள், பள்ளம் பள்ளமாக வெட்டு விழுந்திருந்தால் புதுப் பிளேட் போட்டாலும் கிளட்ச் வெட்டி வெட்டித்தான் பிடிக்கும். இன்னொன்று, புதுப் பிளேட்டை ஒயிலில் ஊறவைத்துத்தான் பூட்ட வேண்டும். காய்ந்த பிளேட்டைக் கையில் எடுக்கிற பாஸைக் கண்டால் கொஞ்சம் இருமுங்கள்.

கேள்வி: ஏத்தத்துல டிரெஃபிக்ல நிக்கும்போது பிரேக்கே பிடிக்காம ஹாஃப் கிளட்ச்லயே வண்டியை நிறுத்தி வைப்பேன். எல்லாரும் அசந்து போறாங்க. கெட்டித்தனம்தானே?
*- இளம் சாரதி, மஸ்கெலியா*

பதில்: சந்தேகமே இல்லை. பிளேட் விற்கிற கடைக்காரருக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: இன்ஜின்ல சக்தி குறைஞ்சிருக்கா, கிளட்ச் போயிருக்கான்னு எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது?
*- கொழுந்து லொறி உதவியாளர், பொகவந்தலாவை*

பதில்: காதால். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். சத்தமும் ஏறாமல் மூச்சுத் திணறினால் கிளட்ச் நிரபராதி. காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி பக்கம் போங்கள். லொறிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, முன்னால் ஆள் யாரும் இல்லாமல், மூன்றாம் கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. 'எனக்கென்ன' என்று ஓடிக்கொண்டேயிருந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும். நாலு பேருக்குச் செய்து காட்டினால் மிச்சமிருக்கும் பிளேட்டும் அங்கேயே கரியாகிவிடும்.

கேள்வி: என் ஸ்கூட்டியில் கிளட்ச் லீவரே கிடையாது. ஆனால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று கராஜில் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
*- ஆசிரியை, கொட்டகலை*

பதில்: இந்த ஒருமுறை இல்லை, டீச்சர். லீவர்தான் இல்லையே தவிர கிளட்ச் இருக்கிறது. பின் சக்கரத்தை ஒட்டிய மூடிக்குள் ஒரு டிரம், அதற்குள் பிரேக் கட்டை மாதிரிச் சின்னக் கட்டைகள். இன்ஜின் வேகம் பிடித்ததும், ராட்டினம் சுற்றும்போது தொட்டில்கள் வெளியே வீசுகிற மாதிரி, கட்டைகள் விரிந்து டிரம்மைக் கவ்வும். முன்பக்கம் பெல்ட் ஓடும் புலியில் உருளைகள் இருக்கின்றன. அவையும் அப்படியே வெளியே தள்ளப்பட்டுப் புலியை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றும். உங்களுக்குக் கியர் மாற்றித் தருவது அந்த உருளைகள்தான்.

புறப்படும்போது வண்டி அதிர்ந்தால் கட்டைகள் மழமழத்துவிட்டன. சும்மா நிற்கும்போதே முன்னால் நழுவினால் கட்டைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஐட்லிங் ஏற்றி வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தயங்கினால் உருளைகள் ஒருபக்கம் தட்டையாகிவிட்டன. மூடியைத் திறந்ததும் கறுப்புத் தூள் கொட்டினால் அது பெல்ட். அகலத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் 'முழு செட்' என்று சொன்னால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

ஸ்கூலுக்குப் போகும் ஏற்றத்தில் வாகனம் நின்றால் பிரேக்கைப் பிடியுங்கள். எக்ஸலரேட்டரைக் கொஞ்சமாக முறுக்கி வண்டியைத் தாங்கி நிறுத்தினால், மேலே மஸ்கெலியாத் தம்பி செய்த கெட்டித்தனத்தை நீங்களும் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: கொழும்புல பறந்த ஸ்கூட்டி ஹட்டன்ல பின்னால ஆள் ஏறினா படுத்துக்குது. குளிர்தான் காரணமா?
*- வாசகர், வட்டவளை*

பதில்: உயரம். ஹட்டன் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,260 மீட்டரில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டரில். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் இன்ஜின் தோராயமாக ஒரு சதவீத சக்தியை இழக்கும், காற்று மெலிகிறது அல்லவா. ஆக ஹட்டனில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது, ஏத்தமோ கூடியிருக்கிறது. கொஞ்சம் எடை குறைந்த உருளைகள் போட்டால் இன்ஜின் நன்றாக வேகம் பிடித்த பிறகே பெல்ட் மேலேறும், ஏத்தம் இலகுவாகும். பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், அதற்கு என்னைத் திட்டக் கூடாது.

கேள்வி: பிறந்தது ஹட்டன், இருப்பது கனடா. பழைய ஸ்னோமொபைல் ஒன்றை மலிவாக வாங்கினேன். பெல்ட்டாகத் தின்று தள்ளுகிறது. உங்களிடம் கேட்கலாமா?
*- வாசகர், ஒன்ராறியோ*

பதில்: தாராளமாக. கொட்டகலை டீச்சரின் ஸ்கூட்டிக்கு உங்கள் வண்டி பெரியப்பா முறை. ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே கியூபெக்கில் 1959இல் ஸ்கி-டூவை விற்பனைக்கு விட்டார். ஸ்னோமொபைல்களில் இருப்பதும் இரண்டு புலி, ஒரு ரப்பர் பெல்ட்தான். முக்கிய வித்தியாசம், உங்கள் வண்டியில் முன்புலியே கிளட்ச். ஐட்லிங்கில் அது பெல்ட்டைப் பிடிக்காமல் விட்டுவைக்கும்.

பெல்ட்டைத் தின்னும் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இன்ஜின் மவுன்டுகளை. ரப்பர் தொய்ந்தால் இரண்டு புலியும் நேர்கோட்டில் நிற்காது, பெல்ட் ஒருபக்கமாக அரையும். அடுத்து புலியின் முகங்கள்: நகத்தால் கீறிப் பாருங்கள், பள்ளம் தட்டுகிறதா? ஒயில் பிசுக்கு இருந்தால் துடைத்துவிடுங்கள், கிரீஸ் மட்டும் பூசாதீர்கள். முன்புலியின் எடைகளை அசைத்துப் பாருங்கள்; ஊசியும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் தாளம் போடும். ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டி பிடிக்கிற வேகம் மாறிவிடும். பின்புலியில் சரிவில் சறுக்கும் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள் தேய்ந்தால், வேகத்தைக் குறைத்து மீண்டும் வேகம் கொடுக்கும்போது வண்டி முழிக்கும்.

முன்புலியின் மூடிக்குள் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. அதற்கான கருவி இல்லாமல் போல்ட்டைக் கழற்றினால் மூடி உங்கள் முகத்தைத் தேடி வரும். கழற்றும் முன் மூடி உட்கார்ந்திருந்த நிலையை அடையாளமிடுங்கள், இல்லாவிட்டால் சமநிலை கெடும். பெல்ட் கவசம் இல்லாமல் இன்ஜினை ஓடவிடாதீர்கள். இவற்றில் பகிடி இல்லை.

கேள்வி: அந்த ஸ்னோமொபைல் நுவரெலியாவுல ஓடுமா? ஜனவரியில பனி கொட்டுதே!
*- மாணவர், தலவாக்கலை*

பதில்: அது புல் நுனியில் உறையும் பனி தம்பி, வெயில் வந்ததும் கரைந்துவிடும். ஸ்னோமொபைலின் அடியில் சறுக்குப் பட்டைகள் வழுக்குவதற்கே பனி வேண்டும், பல வண்டிகளில் இன்ஜினைக் குளிரவைப்பதும் அடியில் தெறிக்கும் பனிதான். கிரகரி ஏரிக்கரையில் ஓட்டினால், ஓடுவதைவிட வேகமாகச் சூடேறும்.

கேள்வி: ஸ்கூட்டியில் கினிகத்தேனை இறக்கம் இறங்கும்போது திடீரென்று வண்டி கையை மீறுவது போலிருக்கிறது. ஏன்?
*- வாசகி, ஹட்டன்*

பதில்: முறுக்கை முழுசாக விட்டு மெதுவாக உருளும்போது, வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் கிளட்ச் கட்டைகள் டிரம்மை விட்டுவிடும். அதோடு இன்ஜின் தரும் தடுப்பும் போய்விடும், மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு மிக லேசாக முறுக்கைக் கொடுங்கள், கட்டைகள் மறுபடி கவ்வும். முறுக்கை விடும்போது இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பது உடம்புக்கே தெரியும்.

கேள்வி: பஞ்சிகாவத்தையில கிளட்ச் செட் பாதி விலைக்குக் கிடைக்குதாம். வாங்கலாமா?
*- ஓட்டோ சாரதி, நோர்வூட்*

பதில்: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருஷமும் பழைய ஓட்டோக்களுக்கு ஓய்வே கிடைக்கவில்லை, போலிப் பார்ட்ஸ் செய்கிறவர்களுக்கும் ஓய்வில்லை. வாங்கத்தான் வேண்டுமென்றால் தேய்ந்த பழைய பிளேட்டையும் கொண்டுபோய், கவுண்டரிலேயே புதியதோடு பக்கத்தில் வைத்துத் தடிப்பைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே தடிப்பாக இருந்தால் வாங்காமல் திரும்புங்கள், பஸ் செலவு மட்டும்தான் நட்டம்.