பெட்டிக்கு மட்டும் பூட்டு

பாங்காக் கிளம்புகிறவர் பெட்டிக்கு நம்பர் பூட்டு போடுவார்; அதன்மேல் பிளாஸ்டிக் உறையும் சுற்றுவார். உள்ளே இருப்பது நாலு சட்டையும் மாமியார் கொடுத்த புளிக்காய்ச்சலும். வங்கிக் கணக்கு குடியிருக்கும் செல்போனை மட்டும், விமான நிலையத்தில் யாரோ 'இலவச வைஃபை' என்று பெயர் வைத்த இணைப்பில் தாராளமாகத் திறந்து வைப்பார். அதற்கு முன்பே ஃபேஸ்புக்கில் போர்டிங் பாஸ் படம் ஏறியிருக்கும், "பத்து நாள் ஊரில் இல்லை" என்ற அறிவிப்போடு. திருடனுக்கு இவ்வளவு உபசாரம் அவன் வீட்டில்கூடக் கிடைக்காது.

புதிதாக வரும் கார்டு உள்நாட்டில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே விதித்தது. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் திறக்க வேண்டும், வரம்பும் வைக்கலாம். நம்மவர் திறப்பார். வரம்பு? உச்சபட்சம்! ஊர் திரும்பியபின் அதை மூடத்தான் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் அமைவதில்லை.

ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸில் போடுவது இன்னொரு சாமர்த்தியம். வங்கியின் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். பணம் போவதே தெரியாது. சுற்றுலா நிம்மதியாக நடக்கும்.

நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை, வங்கி தகவல் அனுப்பிய மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் நட்டம் நமக்கில்லை என்கிறது 2017-ஆம் ஆண்டு விதி. ஓடிபியை நாமே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனதெல்லாம் நம் தலையில். ஆகவே, கிளம்புமுன் வங்கியை வெளிநாட்டிலிருந்து அழைக்கும் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின் நம்பரை அல்ல.