ஹம்பிச் சிற்பங்களும் நிழலும்: ஓர் ஆய்வு

பாழடைந்த கோயிலில் பயணி பெறும் அறிவு அங்குள்ள சிற்பங்களைப் பொறுத்ததன்று, நிழலைப் பொறுத்தது. இக்கருதுகோளைச் சோதிக்க மே மாத ஹம்பியைவிடத் தக்க களம் இல்லை. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் சூறையாடப்பட்டபோது ஒரு பேரரசு போயிற்று என்பர் வரலாற்றாசிரியர். எம் துறையினர் கூரைகள் போயின என்போம்.

லட்சுமி நரசிம்மரை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1528இல், ஒற்றைப் பாறையில் செதுக்கியது, உயரம் 6.7 மீட்டர். அவர் தலைக்கு மேல் ஆதிசேஷன் ஏழு படம் விரித்துக் குடை பிடிக்கிறான். பார்க்க வந்தவருக்கு யார் பிடிப்பது? ஒரு செல்ஃபி, அத்தோடு நரசிம்மருக்கு விடை.

ஹேமகூடச் சரிவில் இருக்கும் கடலேகாளு கணேசர் 4.5 மீட்டர்தான். ஆனால் அவருக்குத் தூண் மண்டபம் உண்டு. அங்கே குடும்பங்கள் சம்மணமிட்டு அமர்கின்றன. தூணில் உள்ள ஒவ்வோர் உருவமும் யாரென்று விசாரிக்கப்படுகிறது. மாமாக்களுக்குத் திடீரெனச் சிற்ப சாஸ்திரம் வருகிறது. புளியோதரை தீரும்வரை விஜயநகரக் கலை பற்றிய உரையாடல் ஓய்வதில்லை.

விட்டலர் கோயில் கல்தேர் நிற்பதோ திறந்த முற்றத்தில். அதைச் சுற்றி வருவோரைவிட, 50 ரூபாய் தாளை அதன் எதிரே பிடித்துப் படமெடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடுவோரே அதிகம். தாளில் உள்ள தேரில் வெயில் அடிப்பதில்லை என்பதைக் கவனிக்க.

இத்தேவை மானிடருக்கு மட்டும் உரியதன்று. கிருஷ்ணதேவராயர் உதயகிரியை வென்று கொண்டுவந்த பாலகிருஷ்ணர் இப்போது அவருக்காகக் கட்டிய ஹம்பிக் கோயிலில் இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், நல்ல கூரையின்கீழ் இருக்கிறார். இதைவிட உயரிய சான்று வேண்டுவோர் பிடிவாதக்காரர்.

மறுப்பாளர் விருபாட்சர் கோயிலைச் சுட்டுவர். இடிபடாத கோயில், இன்றும் வழிபாடு நடக்கிறது, பக்தர்கள் நிழலுக்கா வருகிறார்கள் என்பர். கருவறைக்குப் பின்னே ஓர் இருட்டறை உண்டு. சிறு துளை வழியே ராஜகோபுரத்தின் நிழல் அதன் சுவரில் தலைகீழாக விழுகிறது. வெளியே கிட்டத்தட்ட 50 மீட்டர் உயரத்தில் நேராக நிற்கும் கோபுரத்தை அண்ணாந்தும் பாராதவர்கள், உள்ளே அதைத் தலைகீழாகப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். ஒளியியல் ஆர்வமே காரணம் எனச் சிலர் வாதிடக்கூடும். அச்சுவரில் முதுகைச் சாய்த்து நான் நேரடியாகச் சோதித்தேன், சில்லென்றிருந்தது. பின்னால் இருந்தவர் “நகருங்க சார்” என்று சொல்லும்வரை சோதனை தொடர்ந்தது.