ஒருமனதாக ஒரு கிலோ வஞ்சிரம்

புதுச்சேரி காலாப்பட்டுப் பல்கலைக்கழகமும் தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பும் 1985இல் பிறந்தவை. ஒரே வயசு. அதனாலோ என்னவோ, அங்கே தெற்காசிய அரசியல் படித்த எங்களுக்குச் சார்க்கின் குணம் அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்கள் குழுவில் ஐந்து பேர்: டாக்காக்காரன், காத்மாண்டுக்காரன், யாழ்ப்பாணத்தான், ஓர் அகமதாபாத் பெண், விழுப்புரத்திலிருந்து நான். கட்டுரைத் தலைப்பு, சார்க் உணவு வங்கி. 2007இல் டெல்லி மாநாட்டில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தை இரவெல்லாம் அலசினோம். சமையற்கட்டில் அரிசி தீர்ந்துபோனதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பெரிய மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறினோம். பலகையில் குபேர் அங்காடி என்றிருக்கும். பிரெஞ்சு ஆட்சிக்கு ஆதரவாக இருந்துவிட்டு 1954இல் சட்டென்று இந்தியா பக்கம் வந்து, பிறகு புதுச்சேரியின் முதல் முதலமைச்சரும் ஆன எதுவார் குபேர்தான் அவர். முடிவெடுக்கத் தெரிந்த மனுஷர்.

நாங்களோ சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவை வீட்டுச் சட்டமாக வைத்திருந்தோம். எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும். இருதரப்புத் தகராறைப் பேச்சில் எடுக்கவே கூடாது.

மீன் அங்காடியில் மாநாடு கூடியது. டாக்காக்காரனுக்கு உல்லம் வேண்டும். இலிஷ், இலிஷ் என்று உருகினான். நான் வஞ்சிரத்தைக் காட்டினேன்.

"இது அறுக்குளா எல்லோ!" என்றான் யாழ்ப்பாணத்தான்.

"பேரு எதுவா இருந்தா என்ன தம்பி, கிலோ 800" என்றார் மீன்கார அம்மா.

காத்மாண்டுக்காரன் முள் இல்லாத மீன் கேட்டான். அகமதாபாத் பெண் மீனே தொடமாட்டாள். ஆனால் அவளுக்கும் ஓர் ஓட்டு உண்டே! இதற்கிடையில் நான் வாய்தவறி, எல்லை தாண்டும் காரைக்கால் விசைப்படகுகளைப் பற்றி யாழ்ப்பாணத்தானிடம் ஏதோ கேட்டுத் தொலைத்தேன். அவன் முகம் கறுத்தது. இருதரப்புத் தகராறு! மாநாட்டை ஒத்திவைத்து டீ குடிக்கப் போனோம். நிஜ சார்க் மாநாடு 2014இல் காத்மாண்டில் கூடியதோடு நிற்கிறது. அதோடு பார்த்தால் நாங்கள் அரை மணியில் திரும்பியது பெரிய விஷயம்.

அதற்குள் வஞ்சிரம் போய்விட்டது. கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்துக் கடையைக் கைகாட்டினார்.

"கருவாடு வாங்கிக்கங்க கண்ணு. ஆறு மாசம் பேசினாலும் கெடாது."

எதிர்ப்பே இல்லாமல் அரைக் கிலோ வாங்கினோம். திரும்பும் பஸ்ஸில் அகமதாபாத் பெண்ணைச் சுற்றி மட்டும் மூன்று சீட் காலி. பை அவள் மடியில் இருந்தது.