ஃபான்ட் பித்தர்

கணிதத் துறை என்று ஒன்று இருந்தால் அங்கே ஒரு ஃபான்ட் பித்தர் இருப்பார். முனைவர் பட்ட ஆய்வில் நான்காவது ஆண்டு என்பார். போன வருடமும் அதையேதான் சொன்னார். மடிக்கணினியில் கணிதம் அச்சமைக்கும் லேடெக் மென்பொருள், பையில் ஒரு பூதக்கண்ணாடி, நெஞ்சில் மைக்ரோசாஃப்ட் வேர்டு மீது தீராத பகை. இவைதான் அவருடைய அடையாளங்கள்.

"மூணாவது அத்தியாயம் என்னப்பா ஆச்சு?" என்று நெறியாளர் கேட்பார்.

"தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு சார்."

முடிந்தது தேற்றம் அல்ல. தேற்றத்தில் வரும் சாய்வு 'எஃப்' எழுத்துக்கும் அதை அடுத்து வரும் அடைப்புக்குறிக்கும் இருந்த தகராறு. சாய்வு எஃப்பின் உச்சிக் கொக்கி வலப்பக்கம் நீண்டு அடைப்புக்குறியை இடிக்கும். எந்த எழுத்துருவில் இடிக்கிறது, எதில் இடிக்காமல் நாசூக்காக ஒதுங்கிக்கொள்கிறது என்பதில் நம்மவர் கரைகண்டவர். விடுதி அறைச் சுவரில் ஒரே தொகையீட்டுச் சூத்திரம் எட்டு விதமான எழுத்துருவில் அச்சாகி ஒட்டப்பட்டிருக்கும். அறைத்தோழர் வரலாற்றுத் துறை. எட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, அன்று இரவுச் சாப்பாட்டைத் தவறவிட்டார்.

தொல்லை என்னவென்றால், இவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நாவல் அச்சடிக்க ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் உண்டு. கணிதத்துக்கு அப்படி இல்லை. கிரேக்கம் வேண்டும், தடித்தது வேண்டும், கையெழுத்துப் பாணி வேண்டும், பழைய ஜெர்மன் பாணி வேண்டும், மெய்யெண்களுக்கு இரட்டைக் கோடு போட்ட 'ஆர்' வேண்டும். அடைப்புக்குறி சூத்திரத்தின் உயரத்துக்கு ஏற்றபடி வளர வேண்டும். யூனிகோடில் கணித எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில் மட்டும் 996 குறிகள் உள்ளன. அதில் சாய்வு 'எச்' எழுத்துக்குரிய இடம் காலி. அது ஏற்கெனவே பிளாங்க் மாறிலி என்ற பெயரில் வேறோர் இடத்தில் குடியிருக்கிறது. இந்தத் தகவலை நம்மவர் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்வார்.

எனவே, எழுத்துருத் தேர்வு அவருக்கு ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போல. உரைக்கு ஒன்று பிடித்திருக்கும். சூத்திரத்துக்கு அதோடு ஒத்துப்போகும் ஜோடி அமையாது. பலட்டினோவுக்கு ஜோடி உண்டு. லூசிடா அழகுதான், ஆனால் காசு கேட்கும். கேம்ப்ரியா மேத் 2007-இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு வந்தது, ஆகவே அந்த வீட்டுச் சம்பந்தமே வேண்டாம். ஹெர்மன் சாப்ஃப் வரைந்த யூலரைப் பார்த்து ஒரு வருடம் மயங்கிக் கிடந்தார். அதில் எழுத்துகள் சாய்வதில்லை. கையெழுத்து நல்ல வாத்தியார் கரும்பலகையில் எழுதியதுபோல நிமிர்ந்து நிற்கும். பூச்சியத்துக்கு உச்சியில் ஒரு கூர் இருக்கும். அந்தக் கூரில்தான் பேச்சு முறிந்தது.

பரிசோதனைகளும் கடுமையானவை. சாய்வு 'வி'யையும் கிரேக்க 'நியூ'வையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பார். 'டபிள்யூ'வும் ஒமேகாவும் அடுத்து. 'பி'யும் 'ரோ'வும் அப்புறம். கீழொட்டுக்குக் கீழே இன்னொரு கீழொட்டு போட்டு, அந்தப் பொடி எழுத்து தெரிகிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பெரிய எழுத்தை அப்படியே சுருக்கினால் கோடுகள் மெலிந்து காணாமல் போகும். நல்ல கணித எழுத்துருவில் 5 புள்ளி எழுத்தை அகலமாக, தடிமனாகத் தனியே வரைந்திருப்பார்கள். இதை நான் கேலி செய்ய மாட்டேன். நாற்பது தாண்டிய கண்ணோடு கீழொட்டுகளைப் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

"இதையெல்லாம் விட்டுட்டு நிரூபணத்தை எழுதேன்" என்று யாராவது சொன்னால், உடனே டொனால்டு குனூத்தைக் கூப்பிடுவார். குனூத் தம்முடைய கணினி நிரலாக்க நூலின் இரண்டாம் தொகுதிக்கு 1977-இல் வந்த அச்சுப்படியைப் பார்த்தார், எழுத்து சகிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பக்கம் அமைக்க டெக், எழுத்து வரைய மெட்டாஃபான்ட் என்று இரண்டு மென்பொருள்களைத் தாமே உருவாக்கினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை ஏறக்குறைய பத்து வருடத்தை விழுங்கியது. 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தின் வளைவைப் பற்றி மட்டும் 1980-இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார். மூன்றாம் தொகுதி வந்தது 1973-இல்; நான்காவதின் முதல் பாகம் வந்தது 2011-இல்.

"அவரு செஞ்சா மேதை, நான் செஞ்சா சோம்பேறியா?" என்பார் நம்மவர். குனூத் அதற்குள் மூன்று தொகுதிகளை எழுதி முடித்திருந்தார் என்பதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். பேச்சு சட்டென்று டெல்டாவுக்குத் தாவும். தாமே வரைந்த கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவின் சிறிய டெல்டா பிடிக்காமல் 1992-இல் குனூத் அதை மாற்றி வரைந்தார் அல்லவா? இன்னமும் பழைய டெல்டாவோடு கட்டுரை வெளியிடும் பாவிகள் இருக்கிறார்களாம்.

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் துகள் கிடைத்துவிட்டது என்று உலகமே கொண்டாடியது. செர்ன் ஆய்வகத்தில் ஃபாபியோலா ஜானொட்டி காட்டிய படவில்லைகள் சித்திரக்கதைப் பாணியிலான காமிக் சான்ஸ் எழுத்துருவில் இருந்தன. நம்மவருக்கு அன்று துக்க நாள். துகளைப் பற்றிக் கேட்டால் இன்றுவரை தெரியாது.

இத்தனை பாடுபட்டு ஒரு கட்டுரையை முடித்து வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். அங்கே யாரும் இவருடைய எழுத்துருவைக் கேட்கவில்லை. பன்னாட்டு அறிவியல் பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலை நம் சென்னையிலும் புதுச்சேரியிலும் ஏராளமாக நடக்கிறது. ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கும் தம்பி, இவர் ஆறு மாதம் அலசித் தேர்ந்ததைத் தூக்கிவிட்டு, இதழின் வழக்கமான எழுத்தைப் போட்டு, டீ ஆறுவதற்குள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார். அச்சான படியைப் பார்த்து நம்மவர் இரண்டு நாள் பேசமாட்டார்.

ஆய்வேட்டுக்கும் இதே கதி. பல்கலைக்கழக விதிமுறை தெளிவாகச் சொல்கிறது: டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, ஒன்றரை இடைவெளி. நெறியாளர் அந்தத் தாளை மேசைமேல் வைத்து, "இனிமே தேர்ந்தெடுக்க ஒண்ணுமில்ல. போய் எழுது" என்றார். நம்மவர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"சார், இது உரைக்குத்தானே? சூத்திரத்துக்கு என்ன ஃபான்ட்னு போடலையே!"

உண்மைதான், போடவில்லை. டைம்ஸோடு ஒத்துப்போகும் கணித எழுத்துரு என்றால் ஸ்டிக்ஸ் இருக்கிறது, டெர்மஸ் இருக்கிறது, நியூடிஎக்ஸ் இருக்கிறது. அதிலும் ஸ்டிக்ஸுக்கு முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று இரண்டு. அறிவியல் பதிப்பாளர்கள் பல பேர் கூடி 1995-இல் தொடங்கிய ஸ்டிக்ஸ் வெளிவந்ததே 2010-இல்தான் என்பதையும் நம்மவர் மறக்காமல் நெறியாளருக்குச் சொன்னார். பூதக்கண்ணாடி மறுபடி பையிலிருந்து வெளியே வந்துவிட்டது.

ஆய்வேட்டு விதிமுறைகளை எழுதும் பதிவாளர்களே, அடுத்த திருத்தத்தில் சூத்திரத்துக்கும் ஒரு ஃபான்ட் பெயரைப் போட்டுவிடுங்கள். எதுவானாலும் பரவாயில்லை, காமிக் சான்ஸைத் தவிர.